வெள்ளம் ஏறினால் தூக்கம் இல்லை: கல்லடி மேசை ஒன்றில் மந்திர விதிகள்

மேசையில் ஐந்து பேர். விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பு: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் ஆட்டம். இடம் மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டு மேல்மாடி, நேரம் சனிக்கிழமைப் பின்னேரம். பாத்திரங்கள் லெவல் 5 ஐத் தொடும்வரை ஆட்டத்தில் குறையொன்றும் இல்லை. தொட்ட பிறகு விசார்ட் (மந்திரவாதி) ஆடியவர் விளையாடினார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைச் சரிக்கட்ட என்னென்ன செய்து பார்க்கப்பட்டது, எது பலித்தது, எது காலை வாரியது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தை நடத்துபவரை உலகம் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்கிறது. எங்கள் மேசையில் அவர் அண்ணாவியார், கூத்துப் பழக்குபவரை அழைக்கும் பெயர். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். விசார்ட் ஆடுபவர் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி, விதிகளை வரிவரியாகக் குடித்தவர். ஃபைட்டர் (வாள்வீரன்), காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் நானா. கிளெரிக் (மந்திரத்தால் காயம் ஆற்றும் பூசாரி), கல்முனையைச் சேர்ந்த தாதி. அவரை எல்லாரும் அக்கா என்போம். ரோக் நான். பூட்டுத் திறப்பது, ஒளிந்து போவது, பொய் சொல்வது என் தொழில்.

அச்சுப் புத்தகங்கள் இங்கே ஒரு சம்பளத்தில் பாதியை விழுங்கும். நல்லவேளையாக, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், வெட்டி ஒட்டலாம். அண்ணாவியார் தமிழில் சுருக்கி எழுதிய கொப்பிதான் எங்கள் விதிநூல். நடத்துனருக்கான 2014 கையேடு மட்டும் இரவல்.

கதை மழைக்காலத்தில் நடக்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. கடலுக்குப் போக வழியில்லாத வாவித் தண்ணீர் எழுவான்கரை (கிழக்குக் கரை) ஊர்களுக்குள் ஏறுகிறது. மணல்மேட்டை ஒரு பூதம் காக்கிறது. அதை வெட்டக்கூடிய மண்வெட்டி ஒன்றே ஒன்று, அது வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் காட்டுக்குள் பாழடைந்த கோயிலில் கிடக்கிறது. போய் எடுத்து வர வேண்டும். மட்டக்களப்பில் பிறந்தவருக்கு இதில் கற்பனை குறைவு. மாரியில் முகத்துவாரம் வெட்டுவதா, பொறுப்பதா என்ற வாக்குவாதத்தைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை.

நடந்தது என்ன

படுவான்கரைக்குப் போகப் பாதை, அதாவது வாவியைக் கடக்கும் மிதவை, ஏற வேண்டும். பாதைக்காரனுக்கு அண்ணாவியார் ஒரு முழுக் கதை எழுதி வைத்திருந்தார்: அவனுடைய தகப்பன் அந்தப் பூதத்தோடு ஏதோ உடன்படிக்கை செய்தவன், பேச்சுக் கொடுத்தால் பாதி இரகசியம் வெளிவரும். கரைக்குப் போனதும் விசார்ட் தம்பி கொப்பியைப் புரட்டிச் சொன்னார்: "பாதை வேணாம். வோட்டர் பிரீதிங் போடுறன். அடியால நடந்து போவம்."

வோட்டர் பிரீதிங் மூன்றாம் லெவல் ஸ்பெல் (ஸ்பெல் என்றால் மந்திரம்; அதற்கும் பாத்திரத்தின் லெவலிலிருந்து வேறான தனி லெவல் உண்டு). பத்துப் பேர்வரை 24 மணி நேரம் தண்ணீருக்குள் மூச்சுவிடலாம். அதைச் சடங்காகவும் போடலாம் என்பதுதான் விஷயம்: பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் அன்றைய ஸ்லாட் ஒன்றுகூடக் குறையாது. ஸ்லாட் என்பது ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்ற வரம்பு. அந்த வரம்பே தொடாத இடத்தில் ஒரு வாவி காணாமல் போனது, பாதைக்காரனும் சேர்ந்து போனான்.

அக்கரையில் எட்டுக் கொள்ளையர். ஃபைட்டர் நானா வாளை உருவுவதற்குள் தம்பியின் ஃபயர்போல் என்ற தீக்கோள ஸ்பெல் விழுந்தது. 150 அடி தூரம்வரை எறியலாம், 20 அடி ஆரத்துக்குள் நிற்பவர் எல்லாருக்கும் எட்டு ஆறுமுக டைஸ் சேதம். சராசரி 28, விலகித் தப்பியவனுக்கு அதில் பாதி, 14. கொள்ளையன் ஒருவனுடைய ஹிட் பாயிண்ட், அதாவது அவன் தாங்கும் சேதம், 11. தப்பியவனும் தப்பவில்லை.

பிறகு மத்தியானம்கூட ஆகவில்லை, தம்பி டைனி ஹட் போட்டார். அதுவும் சடங்கு, அதுவும் செலவில்லை. பத்தடி ஆரத்தில் ஒரு குமிழி எட்டு மணி நேரம் நிற்கும், வெளியே இருப்பது எதுவும் உள்ளே வராது. ஸ்லாட்களை நிரப்பும் நீண்ட ஓய்வான லோங் ரெஸ்ட் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் என்று விதி சொல்கிறது, ஆகவே காத்திருந்து காத்திருந்து இரவில் தூங்கி, காலையில் ஸ்லாட் முழுவதும் நிரம்ப எழும்பினோம். மறுநாளும் அப்படியே: காலையில் ஒரு சண்டை, பிறகு நாள் முழுக்கப் படுக்கை. கோயில் வாசல் பூட்டைக் கண்டு நான் கம்பியை எடுத்தபோது நொக் என்ற ஸ்பெல்லால் அது தானே திறந்தது.

அந்தப் பின்னேரம் நானா எழும்பிச் சொன்னது இன்னும் எங்கள் மேசையில் வழக்கில் இருக்கிறது: "நான் தேத்தண்ணி ஊத்திட்டு வாறன். கதை முடிஞ்சா கூப்பிடுங்க."

கணக்கு

அண்ணாவியாருக்குக் கோபம் வரவில்லை, பேனை வந்தது. முதலில் அவர் கேட்டது, விசார்ட் உண்மையிலேயே பலசாலியா என்பதை.

லெவல் 5 ஃபைட்டர் தன் முறை வரும்போதெல்லாம் இரண்டு தடவை வெட்டலாம். நானாவின் வாள் ஓர் எண்முக டைஸ், அதோடு 6. ஒரு வெட்டுக்குச் சராசரி 10.5. எதிரியின் கவசம் 15 என்றால் நூற்றுக்கு 65 தடவை படும். ஆக, ஒரு முறைக்கு ஏறத்தாழ 14. எட்டுக் கொள்ளையருக்கு முன்னால் இது பாவம்: வெட்டுப் பட்டாலும் 11 ஹிட் பாயிண்ட் உள்ளவன் ஒரே வெட்டில் விழும் வாய்ப்பு சரிபாதிதான்.

ஆனால் எதிரி ஒருவன் என்றால் கணக்குத் திரும்புகிறது. விதித்தொகுப்பில் உள்ள ட்ரோல் என்ற பூதத்துக்கு 84 ஹிட் பாயிண்ட். சில வேளை அது விலகித் தப்பும் என்பதால் ஃபயர்போல் அதன்மேல் சராசரியாக 23 அளவில்தான் வேலை செய்யும். லெவல் 5 விசார்டுக்கு மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டு; நாளுக்கு ஒருமுறை ஷோர்ட் ரெஸ்ட் என்ற குறுகிய ஓய்வில் இன்னொன்றை மீட்கலாம். மூன்றையும் கொட்டினாலும் 69. அதற்குப் பிறகு அவர் கையில் இருப்பது சின்ன ஸ்பெல்களும், செலவில்லாத ஃபயர் போல்ட்டும். அது பட்டால் 11. நானாவின் வாளோ இருபதாவது முறையிலும் அதே 14 ஐக் கொடுக்கும். இருபது முறைக்கு 270க்கு மேல்.

கையேடு என்ன எதிர்பார்க்கிறது என்று பார்த்தோம். 2014 கையேட்டின்படி ஒரு நாளுக்கு நடுத்தரமானதோ கடினமானதோ ஆறு முதல் எட்டு மோதல், நடுவில் ஏறத்தாழ இரண்டு ஷோர்ட் ரெஸ்ட். விசார்டின் ஒன்பது ஸ்லாட் அந்த நீளமான நாளுக்கு அளந்து வைத்தது. நாங்கள் நாளுக்கு ஒரு மோதல் ஆடிக்கொண்டிருந்தோம். எட்டுக்குப் பங்கிட வேண்டியதை ஒன்றிலேயே கொட்டினால் யாரும் பலசாலிதான்.

ஆக, இந்த ஆட்டத்தில் மந்திரத்தின் பலம் டைஸின் எண்ணிக்கையில் இல்லை. எப்போது தூங்கலாம் என்று தீர்மானிப்பவர் கையில் இருக்கிறது. அது மேசையில் யார் கையில் இருந்தது? டைனி ஹட் வைத்திருந்தவர் கையில்.

இதைச் சொல்லும்போது எளிதாக இருக்கிறது. அண்ணாவியாரும் உடனே இந்த முடிவுக்கு வரவில்லை; முதலில் எல்லாரும் போகும் வழியில்தான் போனார்.

டைஸைக் குறைத்தது, புள்ளிக்கு மாறியது

ஃபயர்போலை எட்டு டைஸிலிருந்து ஆறாக்கினார். சராசரி 21 ஆனது. தம்பி ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை அந்த ஸ்பெல்லை ஏட்டில் ஒதுக்கிவிட்டு ஹிப்னோட்டிக் பட்டர்ன் கொண்டுவந்தார். அதில் டைஸே இல்லை: 30 அடிக் கனசதுரத்துக்குள் பார்த்தவர்கள், மனவலிமைச் சோதனையில் தோற்றால், ஒரு நிமிடம் வரை திகைத்து நிற்பார்கள். நின்றவர்களை நாங்கள் ஒவ்வொருவராகப் போய் வெட்டினோம். நானாவுக்கு வேலை கிடைத்தது, ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை. "நிண்டுகொண்டிருக்கிறவன வெட்டுறதுக்கு நான் எதுக்கு, கத்தி போதுமே."

சேதத்தைக் குறைத்தால் கெட்டிக்கார விசார்ட் கட்டுப்படுத்தும் ஸ்பெல்லுக்கு மாறுவார், கட்டுப்படுத்துவது சேதத்தைவிடப் பலமானது. ஸ்பெல் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினால் முடிவே இல்லை. தொகுப்பில் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

பிறகு ஸ்லாட்டுக்குப் பதிலாகப் புள்ளி முறை. வீடியோ கேமில் நீலக் கோடு குறைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் இயல்பாகத் தோன்றும். கையேட்டிலேயே மாற்றுவிதியாக இருக்கிறது: லெவல் 5 விசார்டுக்கு 27 புள்ளி, முதல் லெவல் ஸ்பெல்லுக்கு 2, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 5. இருக்கும் ஸ்லாட்களின் மொத்த விலையும் சரியாக 27 தான், ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஸ்லாட் முறையில் இரண்டே மூன்றாம் லெவல் ஸ்பெல் போடக்கூடியவர், புள்ளி முறையில் சின்னவற்றை விட்டுவிட்டு ஐந்து பெரியது போடுவார், மிச்சம் 2 புள்ளியும் கையில் நிற்கும். அண்ணாவியார் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது தம்பியின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தே அந்த முறை அன்றைக்கே கைவிடப்பட்டது.

ஸ்லாட் என்பது பழைய காலத்து அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1974 இல் இந்த ஆட்டம் முதன்முதலாக வந்தபோதே மந்திரவாதி காலையில் மனப்பாடம் செய்ததை ஒருமுறை சொன்னதும் மறந்துவிடுவார். விசித்திரமான விதிதான். ஆனால் பெரியதையும் சின்னதையும் வேறுவேறு பெட்டியில் பூட்டி வைத்தது அது.

மற்ற ஆட்டங்கள் வேறு வழியில் போயின. 1975 இல் வந்த டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸில் மந்திரம் போட்டால் உடல்வலுவே குறையும். 2008 இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் (ஃபைட்டர், விசார்ட் போன்ற பாத்திர வகைகள்) ஒரே அச்சில் திறன்களைக் கொடுத்தது. சமநிலை வந்தது, வாள்காரனும் மந்திரக்காரனும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள் என்ற குறையும் வந்தது. எனக்குப் பிடித்தது 1987 இல் வந்த ஆர்ஸ் மாஜிக்கா. மந்திரவாதி மற்றவர்களுக்குச் சமம் என்று அது நடிக்கவே இல்லை. ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியும் வைத்திருப்பார்கள், சாதாரண ஆளாகவும் ஆடுவார்கள். இந்தக் கதையில் நீ மந்திரவாதி, அடுத்ததில் நான். சமன் செய்யப்படுவது பாத்திரம் இல்லை, ஆடுபவர்களின் முறை. எங்கள் மேசையில் அதைச் செய்யலாம் என்று நான் சொன்னேன். நானா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவருக்கு வாள்தான் வேண்டும்.

நியாயம். கூத்தில் சேவகனுக்கும் ஒரு வரவு உண்டு. அவன் ஆடி முடியும்வரை ராசா திரைக்குப் பின்னால்தான் நிற்பான். ராசாவை மெலிய வைத்துச் சேவகனைப் பெரியவனாக்க முடியாது.

வெள்ளக்கம்பு

இதன் பிறகுதான் அண்ணாவியார் தூக்கத்தில் கை வைத்தார். இரண்டு மாற்றம்.

எழுவான்கரையில், கூரைக்குக் கீழே, அடுப்பு எரியும் வீட்டில் படுத்தால்தான் லோங் ரெஸ்ட். படுவான்கரைக் காட்டில் இரவு முழுக்கத் தூங்கினாலும் அது ஷோர்ட் ரெஸ்டாகத்தான் கணக்கு, டைனி ஹட்டுக்குள் படுத்தாலும் சரி. கையேட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு, ஷோர்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லோங் ரெஸ்ட் ஏழு நாள் என்று. அதை முழுதாக எடுத்தால் கதை ஊர்ந்து போகும் என்று பாதியை மட்டும் எடுத்தார்.

அடுத்தது வெள்ளக்கம்பு. ஊர் நடுவில் ஏழு கோடு போட்ட ஒரு கம்பு. ஒவ்வொரு விடியலிலும் தண்ணீர் ஒரு கோடு ஏறும். ஏழாவது கோட்டில் ஊர் இல்லை. கம்பைத் தாளில் வரைந்து மேசை நடுவில் வைத்தார், விடியும்போதெல்லாம் நீலப் பேனையால் ஒரு கோட்டை நிரப்பினார்.

இந்த இரண்டில் எது பெரிய வேலை செய்தது என்று கேட்டால் நான் கம்பைத்தான் சொல்வேன். ஓய்வுக்குத் தடை போட்டால் ஆடுபவர் அதைச் சுற்றிப்போக வழி தேடுவார். அக்கரைக்குத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டு வருவோம் என்று தம்பி உடனேயே சொன்னார். கம்பு இருந்ததால் அதற்கு விலை இருந்தது. போக ஒரு நாள், வர ஒரு நாள், இரண்டு கோடு. "ரெண்டு கோட்டுக்குள்ள எங்கட மாமிட வீடு போயிரும்" என்றார் அக்கா, கதையில் மாமி யாரும் இல்லாதபோதும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளத்தை விளக்கத் தேவையில்லை.

பக்கவிளைவுகளும் வந்தன. எட்டு மணி நேரம் நிற்கும் மேஜ் ஆர்மர் போன்ற ஸ்பெல்கள், நாள் நீண்டதும் மதிப்பிழந்தன. அடுத்த லோங் ரெஸ்ட் வரை நிற்கும் என்று அவற்றை நீட்ட வேண்டியிருந்தது. அக்காதான் அதிகம் இடிபட்டார். கிளெரிக்கின் ஸ்லாட்டும் நிரம்பாது, ஆனால் காயம் எல்லாருக்கும் படும். வார்டில் நாள் முழுக்கச் செய்வதையே இங்கேயும் செய்ய வைக்கிறீர்கள் என்று முறையிட்டார். ஊரில் பரிசாரியிடம் எண்ணெயும் மருந்தும் வாங்கலாம் என்று அண்ணாவியார் ஒரு வழி திறந்துவிட்டார். அது அரைகுறைத் தீர்வு, இன்னும் அப்படியே கிடக்கிறது.

கட்டு, மடை, கழிப்பு

சண்டை சரியானது. பாதைக்காரன் இன்னும் சரியாகவில்லை. சடங்காகப் போடும் ஸ்பெல்லுக்கு ஸ்லாட் வேண்டாம் என்பதால் வெள்ளக்கம்பு அதைத் தொடவில்லை. பத்து நிமிடம் செலவழித்து வாவியை அழிக்கும் வசதி தம்பியிடம் அப்படியே இருந்தது.

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்வதைக் கேட்டிராத மட்டக்களப்பார் இல்லை. அன்றைக்கு அக்கா அதைத்தான் எடுத்தார்: "வெளியில உள்ளவன் நம்மட மந்திரத்துக்குப் பயப்பிடுறான். நாம என்னண்டா இங்கிலீசு விசார்ட்டுக்குப் பயந்துபோய் இரிக்கம்."

சிரித்து முடிந்த பிறகு அண்ணாவியார் கேட்டார், நம்மட மந்திரக்காரர் ஏன் எல்லாவற்றையும் மந்திரத்தாலேயே செய்துவிடுவதில்லை? ஆளுக்கொரு பதில் சொன்னோம். விரதம் இருக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி பார்க்க வேண்டும். துடக்கு என்றால் தொடக் கூடாது. தொடங்குமுன் மந்திரக் காவலால் உடம்பைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வந்தது தன்மேலேயே திரும்பும். மடை, அதாவது படையல், வைக்கத் தேசிக்காய், வெற்றிலை, பாக்கு என்று சாமான் வேண்டும். முடிந்த பிறகு கழிப்பை, சடங்கில் மிஞ்சிய பொருளை, கொண்டுபோய்ச் சந்தியில் போட வேண்டும், போட்டவர் கிறுகிப் பார்க்காமல் வர வேண்டும், அதை மிதித்தவன் பாடு அவன் பாடு. பட்டியல் நீண்டுகொண்டே போனது. இதில் எதுவும் மந்திரத்தின் பலத்தைக் குறைப்பதில்லை. ஒவ்வொன்றும் அதை ஊரோடும் நாளோடும் ஆட்களோடும் கட்டிப்போடுகிறது.

எழுதுவதற்கு முன் இரண்டு எல்லை வகுக்கப்பட்டது. வீட்டில் இதையெல்லாம் நம்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆகவே உண்மையான மந்திரச் சொல் ஒன்றும் மேசையில் சொல்லக் கூடாது, எந்தத் தெய்வத்தின் பெயரும் வரக் கூடாது என்றார் அக்கா. தன் பாத்திரம் படையல் எதுவும் வைக்காது என்றார் நானா. மடை என்பது ஸ்பெல் போடுபவரின் வேலை மட்டும் என்று எழுதப்பட்டது. இரண்டையும் ஒரு பேச்சுமின்றி எல்லாரும் ஏற்றுக்கொண்டோம். ஊரின் பொருளை எடுத்து ஆடுவதென்றால் இந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கட்டு விதி இது: மூன்றாம் லெவலும் அதற்கு மேலும் உள்ள ஸ்பெல் போடுமுன் விசார்ட் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். தனியே நின்றால் அதற்கு ஒரு முழு முறை போகும், அடுத்த முறையில்தான் ஸ்பெல். தோழர் ஒருவர் ஐந்தடிக்குள் காவல் நின்றால் அந்த முறையிலேயே போடலாம், ஆனால் அடுத்து விசார்டுக்கு வரும் முதல் அடியைக் காவல்காரர் வாங்குவார். கிளெரிக்குக்கும் இதே விதிதான். இறந்தவரை மீட்கும் ஸ்பெல்லுக்கு மட்டும் விலக்கு. அதில் அக்கா அசையவே இல்லை. "ஆள் சாகக் கிடக்கக்குள்ள கட்டுக் கட்டிக்கொண்டு நிக்க ஏலாது."

சடங்கு ஸ்பெல்லுக்கு மடை வேண்டும். ஊர்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு சுமை. விசார்ட் மூன்றுக்கு மேல் தூக்க முடியாது. முடிந்த பிறகு கழிப்பு மிஞ்சும். அதை விடியுமுன் வழிகள் சந்திக்கும் இடத்தில், யாரும் காணாமல் போட வேண்டும். போடாவிட்டால் அது போட்டவரோடேயே தங்கும். ஸ்பெல் எதுவோ அதன் தலைகீழ்தான் கழிப்பு: வோட்டர் பிரீதிங்கின் கழிப்பை மிதித்தவனுக்கு ஒரு நாள் மூச்சு முட்டும், டைனி ஹட்டின் கழிப்பு விழுந்த இடத்தில் எந்தக் கதவும் பூட்டாது.

யாரும் காணாமல் இருட்டில் போய்வருவது யார் வேலை? என் வேலை. பூட்டு விஷயத்திலும் எனக்கு நியாயம் கிடைத்தது, அதுவும் புது விதி எதுவும் இல்லாமல். நொக் போட்டால் 300 அடி தூரம் கேட்கும்படி பெரிய சத்தம் எழும் என்று மூல விதியிலேயே இருக்கிறது. கொப்பிக்குச் சுருக்கும்போது அந்த வரி விடுபட்டிருந்தது. திரும்பச் சேர்த்ததும் கம்பி எடுக்கிறவனுக்கு மரியாதை வந்தது. ஐந்தாம் பதிப்பில் இப்படி விலை ஒட்டப்பட்ட ஸ்பெல்கள் நிறைய உண்டு: இறந்து ஒரு நிமிடத்துக்குள் மீட்கும் ஸ்பெல்லுக்கு 300 பொற்காசு பெறுமதியான வைரம் எரிந்துபோகும், கவனம் வைத்துத் தாங்க வேண்டிய ஸ்பெல் ஒரு நேரத்தில் ஒன்றுதான், நடுவில் அடி வாங்கினால் அதுவும் நழுவலாம். வீட்டு விதி எழுதுமுன் இருக்கிற விதியை முழுதாக ஆடிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தம்பி சும்மா இருக்கவில்லை. தன் வகுப்பை மட்டும் வெட்டிவிட்டீர்கள் என்றார், அதில் உண்மை இருந்தது. ஈடு வேண்டும் என்று அண்ணாவியாரும் ஒப்புக்கொண்டார். விதிப்படி புதிய ஸ்பெல் ஒன்றை ஏட்டில் எழுத ஒவ்வொரு ஸ்பெல் லெவலுக்கும் 50 பொற்காசும் இரண்டு மணி நேரமும் வேண்டும். அது தள்ளுபடி. காட்டில் கிடைக்கும் ஓலைச்சுவடி எதையும் தம்பி செலவில்லாமல் ஏட்டில் சேர்க்கலாம். மந்திரம் போடும் வேகம் குறைந்தது, தெரிந்த மந்திரம் கூடியது. அவருக்கு அது பிடித்துப்போனது. விதி படிக்கிறவர்களுக்குச் சேர்ப்பதில் ஒரு சுகம் உண்டு.

இரண்டாம் பயணம்

கதையைக் கரையிலிருந்தே திரும்பத் தொடங்கினோம். தம்பி மூன்று மடைச் சாமானை வாங்கி வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தார். ஒன்றை இங்கே செலவழிப்பதா? "பாதையிலயே போவம்" என்றார். பாதைக்காரன் கடைசியில் வாயைத் திறந்தான்.

காட்டில் முதல் மோதலில் ஃபயர்போல் விழவே இல்லை. அது பழையபடி எட்டு டைஸ்தான். குறைத்ததை அண்ணாவியார் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்னால் இன்னும் எத்தனை மோதல் என்று தெரியாததால் தம்பி சின்ன ஸ்பெல்லால் சமாளித்தார், நானா ஆறு பேரை வெட்டினார். நீளமான நாள் என்பது இதுதான். மந்திரவாதி யோசிக்க வேண்டியிருக்கிறது, அவர் யோசிக்கும் நேரத்தில் மற்றவர்கள் ஆடுகிறார்கள்.

மூன்றாம் கோட்டில் ஓரிரவு டைனி ஹட் போட்டே ஆக வேண்டியிருந்தது. அக்காவிடம் ஸ்லாட் இல்லை, வெளியே கரடி. விடியுமுன் கழிப்பு என் கையில். அருகில் இருந்த முச்சந்தி ஒன்று கொள்ளையர் கோட்டை வாசலுக்கு நேரே. அது விழுந்த இடத்தில் எந்தக் கதவும் பூட்டாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டுவிட்டுக் கிறுகிப் பார்க்காமல் வந்தேன். அன்றிரவு கோட்டைக் கதவை அவர்களால் சாத்த முடியவில்லை. அண்ணாவியார் இதை எதிர்பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார். தண்டனையாக எழுதிய விதி கருவியாக மாறியது. சடங்கு ஸ்பெல் போடச் சொல்லித் தம்பியை நானே கேட்க ஆரம்பித்தேன்.

கோயிலில் பூதம். ட்ரோலின் தாளையே அண்ணாவியார் பயன்படுத்தினார்: 84 ஹிட் பாயிண்ட், ஒவ்வொரு முறையும் 10 திரும்ப ஏறும், தீயோ அமிலமோ பட்டிருந்தால் மட்டும் அடுத்த முறை ஏறாது. நானா காவல் நின்றார், தம்பி ஃபயர்போல் போட்டார், திரும்பி வந்த அடியை நானா வாங்கினார். அவர் கேட்டு வாங்கிய அடி அது. இரண்டாவது ஃபயர்போலுக்குத் தம்பி கையை உயர்த்தி, பிறகு இறக்கிக்கொண்டார். காயம் ஏறாமல் தடுக்க ஸ்லாட் செலவில்லாத ஃபயர் போல்ட்டே போதும், வெட்டுவதற்கு வாள் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் சின்னத் தீயை எறிய, நானா முறைக்கு இரண்டு வெட்டாகப் பூதத்தைச் சாய்த்தார். அந்தப் பின்னேரம் தேத்தண்ணி ஊற்றியது தம்பி.

மிச்சம்

கட்டு விதி எனக்கு முழுத் திருப்தி இல்லை. பதுங்கியிருந்து தாக்கும்போது விசார்ட் தனியே மாட்டினால் ஒரு முழு முறை வீண், அந்த ஒரு முறையில் ஆள் விழுந்துவிடலாம். விசார்டின் ஹிட் பாயிண்ட் ஏற்கெனவே எல்லாரையும்விடக் குறைவு. முதல் சுற்றில் மட்டும் விலக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணாவியார் அசையவில்லை, தம்பியும் வேண்டாம் என்றார், நானாவுக்கு அருகிலேயே நடப்பது இப்போது பழகிவிட்டதாம்.

பெரிய சிக்கல் லெவல் ஏறும்போது வருகிறது. 7 இல் டைமென்ஷன் டோர் கிடைக்கும், 500 அடியை ஒரே தாவலில் கடக்கலாம். அதைக் கட்டு விதி தாங்கும். 9 இல் டெலிபோட்டேஷன் சர்க்கிள் கிடைக்கும். அதன் பிறகு, ஊரில் நிரந்தர மந்திர வட்டம் ஒன்று இருந்தால், படுவான்கரையிலிருந்து ஊருக்குத் திரும்ப ஒரு நிமிடம் போதும், அடுப்பு எரியும் வீட்டில் தினமும் படுக்கலாம், ஓய்வு விதியும் வெள்ளக்கம்பும் அன்றோடு செத்துவிடும். அதற்கு ஒரு மடையும் கழிப்பும் எழுதலாமா என்று இரண்டு பின்னேரம் வாதாடினோம். கடைசியில் அண்ணாவியார் கொப்பியின் பின்னட்டையில் ஒரு வரி எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்: லெவல் 8 முடிவில் முகத்துவாரம் வெட்டப்படும், கதை முடியும், அடுத்த கதை லெவல் 1 இலிருந்து.